உறுமுவதை மறந்த நாய்: ஒரு கடியும் அதற்குப் பிந்தைய 12 வாரங்களும்

நாயின் பெயர் மணி. ஆண் லாப்ரடார், 3 வயது, கருத்தடை செய்தது, எடை 30 கிலோ. சென்னைப் புறநகரில் தனிவீடு. முன்னால் கார் நிறுத்தும் இடம், அதையடுத்துத் தெருவைப் பார்த்த இரும்பு கேட். வீட்டில் 68 வயதுப் பாட்டி, மகன், மருமகள், 9 வயதுப் பேத்தி. காலையில் இரண்டு மணி நேரம் வேலைக்கு வரும் அக்கா ஒருவர். நாய் வளர்க்கும் பல வீடுகளில் ஒரே வரிசையில் நடப்பவற்றைச் சேர்த்து ஒரு வீட்டு நிகழ்வாக இங்கே எழுதியிருக்கிறோம்; பெயரும் அடையாளங்களும் கற்பனை, முறைகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை.

நடந்தது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் நேரம். மேசைக்கு அடியில் ஒரு கோழி எலும்பு விழுந்தது. மணி கவ்விக்கொண்டு சோபாவின் பக்கம் ஒதுங்கினான். வெந்த எலும்பு கூராக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும் என்பது பாட்டிக்குத் தெரியும். "டேய், துப்புடா, மாட்டிக்கும்" என்று குனிந்து, வலது கையால் தாடையைப் பிடித்துத் திறக்கப் போனார். மணி உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. ஒரே கடி, உடனே விட்டுவிட்டு எலும்போடு நகர்ந்தான். உள்ளங்கையில் இரண்டு பல் துளைகள். இரண்டுமே கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள் அடங்கும் ஆழம்.

இந்த அளவைக் குறித்து வைப்பது முக்கியம். நாய்க்கடியை ஆறு நிலைகளாகப் பிரிக்கும், கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பாரின் அளவுகோலில் இது மூன்றாம் நிலை. பல் படாத பாய்ச்சல் முதல் நிலை. பல் பட்டும் துளை விழாதது இரண்டு. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு ஆழமில்லாத துளைகள் மூன்று. பாதிப் பல்லுக்கு மேல் இறங்கினால், அல்லது கவ்விக்கொண்டு உதறினால் நான்கு. மூன்றாம் நிலை வரை, வீட்டார் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்றால், நாயைப் பழக்கித் திருத்த நல்ல வாய்ப்பு உண்டு. நான்காம் நிலைக்கோ அதற்கு மேலோ போன நாயை வீட்டார் தாமாகப் பழக்க முயலக் கூடாது. நடத்தை அறிந்த கால்நடை மருத்துவர் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

அன்று வீட்டில் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம்: "திடீர்னு கடிச்சிட்டான், ஒரு சத்தம்கூட இல்ல." இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளும் சாவி அதில்தான் இருந்தது.

முதல் 24 மணி நேரம்

மருமகள் செய்த முதல் வேலை சரியானது. கையைக் குழாயடியில் பிடித்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினார். பக்கத்து வீட்டிலிருந்து மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் வந்தன. வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். காபித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் கடிவாயில் படக் கூடாது. அவை கிருமியைக் கொல்வதில்லை, புண்ணைத்தான் ரணமாக்கும்.

"நம்ம நாய்தானே, ஊசியெல்லாம் போட்டிருக்கே" என்று பாட்டி மருத்துவமனைக்கு வர மறுத்தார். இந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்கக் கூடாது. தோலைத் துளைத்து ரத்தம் வந்த கடி உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவில் மூன்றாம் வகை. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோடு, கடிவாயைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் தேவைப்படும் வகை. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் ஊசி. நாய் தடுப்பூசி போட்டதாக இருந்தாலும் ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால் மிச்சத்தை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவெடுப்பார். பாட்டிக்குச் சர்க்கரை வேறு இருந்தது. கையில் விழும் ஆழக் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும், சர்க்கரை இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் ஆன்டிபயாட்டிக்கும் எழுதிக் கொடுத்தார்கள், தையல் போடவில்லை.

மறுநாள் மணி கால்நடை மருத்துவரிடம் போனான். பழக்குவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்தாக வேண்டும். வலியில் இருக்கும் நாயின் பொறுமை வெகுவாகக் குறைந்திருக்கும். பல், இடுப்பு, முதுகு எல்லாம் சரி. வலது காதில் சிவப்பு, பழுப்பு நிற அழுக்கு, புளித்த வாடை. மடிந்து தொங்கும் காது, அடிக்கடிக் குளியல், கடற்கரைப் பக்கத்து ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் லாப்ரடாருக்குக் காதில் பூஞ்சைத் தொற்று சகஜம். பாட்டியின் கை போனதும் வலது பக்கமாகத்தான். கடிக்குக் காது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிரம்பிய குடத்தில் அதுவும் ஒரு செம்பு. இரண்டு வாரம் சொட்டு மருந்து போட்டு, காது ஆறிய பிறகே கையால் தொடும் பயிற்சி எதையும் தொடங்கினார்கள்.

உறுமல் எங்கே போயிற்று

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஒரு ஏணியாகக் காட்டினார். அடிப்படிகளில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கல், அதற்கு மேல் தலையைத் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, எழுந்து போவது, பிறகு பதுங்குவது, விறைத்து முறைப்பது, உறுமுவது, காற்றில் கடிப்பது, உச்சிப்படியில்தான் கடி. கீழ்ப்படிகளில் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றால் நாய் மேலே ஏறும். நடுவில் ஒரு படியை உடைத்துவிட்டால், அதைத் தாண்டி ஏறும்.

மணி விஷயத்தில் உடைந்தது உறுமல் என்ற படி. எட்டு மாதங்களுக்கு முன் சாப்பாட்டுத் தட்டருகே பேத்தி போனபோது அவன் உறுமினான். வீட்டார் மடித்த செய்தித்தாளால் மூக்கில் அடித்தார்கள். அது போதாது என்று, கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு ஒருவர் மூன்று நாள் வந்து, உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்தார். "நாமதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும் சார்" என்பது அவர் சொன்ன விளக்கம். மூன்று நாளில் உறுமல் நின்றது. பணம் வீண்போகவில்லை என்று வீடே நம்பியது.

இந்தத் 'தலைவன்' கணக்குக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், கூண்டுக்குள் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களிடையே நடந்த சண்டைகளை வைத்து எழுதியதிலிருந்து கிளைத்தது அது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம், அதில் பதவிச் சண்டை இல்லை என்று 1999-இல் ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் எழுதினார். ஓநாய் ஆராய்ச்சியில் மதிப்பிழந்த அந்தக் கணக்கு, நம் ஊர் நாய்ப் பயிற்சியில் இன்னும் கட்டணம் வசூலித்துக்கொண்டிருக்கிறது என்பது வேதனை. அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது, கடிக்கும் நாய்க்கும் சேர்த்துத்தான்.

அடி உறுமலை நிறுத்தியது; உறுமவைத்த பயம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியது. தட்டருகே ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்பதோடு, மூக்கில் அடியும் விழும் என்று இப்போது சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தான்.

கடிக்கு ஒரு மாதம் முன் எடுத்த கைப்பேசி வீடியோ ஒன்று வீட்டில் இருந்தது. மணி சாப்பிடுகிறான், பேத்தி முதுகைத் தடவுகிறாள், பின்னால் சிரிப்புச் சத்தம். "எவ்ளோ பசி பாரேன் அவனுக்கு" என்று யாரோ சொல்கிறார்கள். கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் வேறு கதை. கை பட்டதும் மெல்லுவது ஒரு விநாடி நிற்கிறது. தலை தட்டுக்குள் இன்னும் தாழ்கிறது. காது பின்னால் ஒட்டுகிறது. தலை அசையாமல் கண் மட்டும் பேத்தி பக்கம் உருள, வெள்ளை விழி பிறை மாதிரி தெரிகிறது. பிறகு இரட்டை வேகத்தில் விழுங்குகிறான். வால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் விறைப்பாக, சின்ன வீச்சில். வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்ற நம்பிக்கை எத்தனையோ பிள்ளைகளின் முகத்தில் தையல் போடவைத்திருக்கிறது. நாய் இருக்கும் வீட்டில் எல்லோரும் இப்படி ஒரு வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்: பயிற்சி இல்லை, தடுப்பு மட்டும்

கடித்த நாயைப் பார்த்ததும் எதையாவது கற்றுக்கொடுக்கத் துடிப்பது இயல்பு. ஆனால் முதல் வாரத்தின் வேலை, அந்தச் சூழ்நிலை மறுபடி நடக்க முடியாதபடி வீட்டை மாற்றுவதுதான். ஒவ்வொரு கடியும் நாய்க்கு ஒரு பாடம்: 'இது வேலை செய்கிறது.'

சாப்பாட்டு மேசைக்கும் நடைக்கும் இடையே குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்தினார்கள். வீட்டார் சாப்பிடும் நேரம் முழுக்க மணி அந்தப் பக்கம். எலும்பு, மீன் முள் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, மிதித்துத் திறக்கும் மூடி போட்ட தொட்டிக்குள். மணியின் தட்டுக்கு நடையின் கோடியில் ஒரு மூலை. அவன் சாப்பிடும்போது அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. வாயிலிருந்து எதையும் யாரும் கையால் பிடுங்குவதில்லை. ஆபத்தான பொருள் என்றால் எதிர்த்திசையில் ஒரு கைப்பிடி கோழித்துண்டைத் தரையில் வீசி, அவன் அதைப் பொறுக்கும்போது தடுப்புக் கதவைச் சாத்திவிட்டுப் பொருளை எடுப்பது. பேத்திக்குத் தனி விதி: சாப்பிடும், தூங்கும், எதையாவது கவ்வியிருக்கும் நாயின் பக்கம் போகவே கூடாது.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "நாலு பேர் வீட்டுல நாயைத் தள்ளி வைக்கிறதா" என்றார். முதல் வாரத்தில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் மேற்கொண்டு போகவே முடியாது. வேக வைத்த கோழியை நறுக்கி டப்பாவில் போட்டு வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அதன்பிறகு டப்பா காலியாகும் கணக்கை வீட்டில் அவர் அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

டப்பாவின் கணக்கு இது. 30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த லாப்ரடாருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கலோரி போதும். பயிற்சித் தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தோலும் எலும்பும் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 80 கிராம். பட்டாணி அளவுக்கு நறுக்கினால் ஒரு நாள் பயிற்சிக்குத் தாராளம். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்புத் துண்டுகள் கூடவே கூடாது, அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சையும் சாக்லேட்டும்கூடக் கொடுக்கக் கூடாது.

தட்டருகே வரும் காலடி

இரண்டாம் வாரம் தொடங்கியது. குறிக்கோள், ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்று நினைக்கும் நாயை, ஆள் வந்தால் இன்னும் நல்ல சாப்பாடு வரும் என்று நினைக்கவைப்பது.

முதலில் அவன் எல்லையைக் கண்டுபிடித்தார்கள். தட்டில் வழக்கமான உணவு. மருமகள் தூரத்திலிருந்து மெதுவாக நடந்து வருகிறார். 6 அடியில் மெல்லுவது நின்றது. அப்படியென்றால் பயிற்சி 8 அடியில் தொடங்க வேண்டும், 6-இல் அல்ல. 8 அடியில் நடந்து போகும்போது ஒரு கோழித்துண்டைத் தட்டருகே வீசிவிட்டு, நிற்காமல் போய்விடுவது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எட்டு முதல் பத்து முறை. வீசியதும் விலகிப் போவதுதான் இதன் உயிர்; நின்று பார்த்தால் அழுத்தம் கூடும்.

அடுத்தடுத்து மூன்று வேளை, காலடிச் சத்தம் கேட்டதும் உடம்பு தளர, தலையை நிமிர்த்தி 'எங்கே கோழி' என்று பார்த்தால், அரை அடி குறைக்கலாம். ஒரு முறை விறைத்தாலும் ஒரு அடி பின்னால் போக வேண்டும். 8 அடியிலிருந்து தட்டின் ஓரம் வர மருமகளுக்கு 19 நாள் ஆயிற்று. அதன்பின் குனிவது, கையை நீட்டுவது, தட்டுக்குள் போடுவது என ஒவ்வொன்றும் தனிப்படி.

இங்கே இரண்டு தவறுகள் நடந்தன. முதலாவது, மகனுக்குப் பொறுமையில்லை. மனைவி 4 அடிக்கு வந்த அன்றே அவரும் 4 அடியில் நின்றார். மணி விறைத்தான். ஒருவரிடம் கற்ற நம்பிக்கையை நாய் மற்றவர் கணக்கில் வரவு வைக்காது. ஒவ்வொருவரும் 8 அடியில்தான் தொடங்க வேண்டும். அடுத்தடுத்த ஆட்களுக்குக் குறைந்த நாட்களில் முடியும், அவ்வளவே. இரண்டாவது, 'சோதித்துப் பார்ப்பது'. சரியாகிவிட்டானா என்று தட்டைச் சும்மா எடுத்துப் பார்த்தார் மகன். அந்த ஒரு சோதனை நான்கு நாள் வேலையைக் கரைத்தது. சாப்பிடும் நாயின் தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினால் பொறுமை வரும் என்பது பரவலான நம்பிக்கை. அப்படி வளர்த்த குட்டிகள் பின்னாளில் தட்டைக் காக்கும் வாய்ப்புதான் கூடும்.

பேத்தி இந்தப் பயிற்சியில் இல்லை. தடுப்புக் கதவுக்கு வெளியே நின்று, அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கோழித்துண்டு வீசினாள். சிறுபிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது, அதன் கை சொல்லாமல் அசையும். எவ்வளவு பழக்கினாலும் இந்த இரண்டும் மாறப்போவதில்லை.

'விடு' என்ற சொல்

பாட்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒரு சொல்தான். 'துப்பு', 'போடு', 'குடு' என்று ஆளுக்கொரு சொல் இருந்ததை முதலில் ஒன்றாக்கினார்கள்.

பலரும் எலும்பை வாயில் வைத்துக்கொண்டு இதைத் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது வாயில் எதுவுமே இல்லாதபோது. மணி சும்மா நிற்கிறான். "விடு" என்று சாதாரணக் குரலில் சொல்லி, ஒரு விநாடி கழித்து, ஐந்தாறு துண்டுகளைத் தரையில் சிதறிப் போட வேண்டும். அவன் பொறுக்கும்போது கையைத் தரையில் வைத்துத் துண்டுகளைக் காட்டிக் கொடுக்கலாம். தரையில் மனிதக் கை இருப்பது நல்லது என்பதும் சேர்ந்து பதியும். நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து முறை. நான்காம் நாள் சொல்லைக் கேட்டதுமே தலை தரையைப் பார்த்துத் திரும்பியது. அதன்பிறகுதான் பொருள்.

பொருளுக்கும் வரிசை உண்டு: பழைய ரப்பர் பந்து, கயிறு, செருப்பு, காய்ந்த சப்பாத்தி, கடைசியில் கடித்து விளையாடும் நீளத் தோல்துண்டு. ஒரு படியில் பத்துக்கு ஒன்பது முறை விட்டால்தான் அடுத்தது. விட்ட பொருளை ஐந்தில் நான்கு முறை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்து ஒளித்தால், 'விடு' என்பது பறிபோகும் சொல்லாகிவிடும்.

மூன்றாம் வாரம் ஒரு முட்டுக்கட்டை. மகன் சொன்னால் விடவே மாட்டேன் என்றான் மணி. கோழி டப்பாவைக் காட்டினால் மட்டும் விட்டான். கவனித்தால் காரணம் எளிது: மகனின் கை, சொல் வாயிலிருந்து வருவதற்குள் டப்பாவுக்குப் போயிருந்தது. மணி கற்றது 'விடு' அல்ல, 'டப்பா'. டப்பாவை அலமாரியில் வைத்து, கையைத் தொங்கவிட்டு, சொல்லி, 'ஒன்று' எண்ணிய பிறகே கையை அசைத்ததும் ஐந்து நாளில் சரியானது.

கேட்

கடியை விசாரிக்கப் போனபோது வெளிவந்த இன்னொரு ஆபத்து இது. கேட் திறந்தால் மணி தெருவுக்குப் பாய்வான். இரண்டு முறை பைக்கில் அடிபடாமல் தப்பியிருக்கிறான். ஒரு முறை பால்காரர் சைக்கிளோடு விழுந்தார். "தம்பி, நாய் கட்டிருக்கா?" என்று வாசலில் குரல் வருவதும், "கட்டிருக்கு வாங்கண்ணா" என்று உள்ளேயிருந்து யோசிக்காமல் பதில் போவதும் நம் தெருக்களில் தினசரி. அந்தப் பதில் பாதி நேரம் உண்மையில்லை.

தாழ்ப்பாளின் 'டங்' சத்தம்தான் மணிக்கு ஓட்டப்பந்தயத் துப்பாக்கி. எனவே அந்தச் சத்தத்தின் பொருளையே மாற்றினார்கள். கேட்டிலிருந்து 10 அடி தள்ளி, சுவரோரம் ஒரு சாக்கு விரிப்பு. தாழ்ப்பாளைத் தட்டுவது, விரிப்பின் மேல் கோழித்துண்டு போடுவது. கேட் திறப்பதே இல்லை. நாளுக்கு இருபது முறை. ஆறாம் நாள் 'டங்' கேட்டதும் மணி விரிப்புக்கு ஓடி உட்கார்ந்தான். பிறகு கேட்டை இரண்டு அங்குலம் திறப்பது. எழுந்தால் கேட் மூடும், உட்கார்ந்தே இருந்தால் கோழி வரும். இரண்டு அங்குலம், அரை அடி, ஒரு ஆள் நுழையும் அளவு, முழுக்க. கடைசியில் தெரிந்த ஒருவர் பார்சல் பையோடு வந்து நிற்பது. வெளியே போக ஒரே சொல், "போலாம்". அது காதில் விழாமல் வாசற்படி தாண்டுவதில்லை.

இந்தக் காலம் முழுக்க அவன் உடம்பில் மார்புப்பட்டையும், தூணில் கட்டிய 15 அடிக் கயிறும் இருந்தன. கயிறு மார்புப்பட்டையில்தான் மாட்ட வேண்டும். பாய்ந்து கயிறு முடியும் இடத்தில் கழுத்துப்பட்டை இருந்தால் குரல்வளை அடிவாங்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது கூடாது. 30 கிலோ நாய் ஓடி வந்து இழுக்கும்போது விரல் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. கேட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி இடுப்புயரக் கம்பித் தடுப்பு ஒன்றையும் வைத்தார்கள். பயிற்சி எவ்வளவு தேறினாலும் இரண்டாவது கதவு இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவது நாய் அல்ல.

வாய்மூடி

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, சென்னையில் வளர்ப்பு நாய்க்கான உரிமம், கழுத்து வார், வாய்மூடி எல்லாம் கண்டிப்பாயின. விதிக்காக வாங்கும் வாய்மூடி பெரும்பாலும் தவறான வாய்மூடி. கடையில் மலிவாகக் கிடைக்கும் துணிக்குழாய், வாயை இறுக்கி மூடிவிடும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சென்னை வெயிலில் வாயைக் கட்டி நடக்கவிட்டால் வெப்பத்தாக்கில் உயிரே போகலாம். தேவை, கூடை வடிவ வாய்மூடி. போரடிக்கும் மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடு போல, உள்ளே வாயைத் திறக்கவும், தண்ணீர் குடிக்கவும், தின்பண்டம் வாங்கவும் இடம் இருப்பது. அளவெடுப்பது இப்படி: கண்ணுக்கு ஒரு விரல் கீழிருந்து மூக்கு நுனி வரை நீளம், அதோடு ஒரு சென்டிமீட்டர், வாயில் பந்தைக் கவ்வியிருக்கும்போது மூக்குத்தண்டின் சுற்றளவு. பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

முதல் நாளே மாட்டிவிட்டால் காலால் பிய்த்துப் போடும், அதன்பின் வாய்மூடியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் ஒளியும். கூடையின் உள்ளே கெட்டித் தயிர் தடவி, நாயே மூக்கை நுழைத்து நக்கவிட்டார்கள், நான்கு நாள். பிறகு மூக்கு உள்ளே இருக்கும் நேரத்தை 3, 5, 10, 20 விநாடி என நீட்டினார்கள். எட்டாம் நாள் பட்டை மாட்டி உடனே கழற்றல். பதினான்காம் நாள் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தெருமுனை வரை. நடை காலை ஏழு மணிக்கு முன்னால். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நடை ரத்து. வாய்மூடி போட்ட நாயைத் தனியே விட்டுப் போவதில்லை.

ஐந்தாம் வாரம்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், மட்டன் குழம்பு, யாரோ திறந்துவிட்ட தடுப்புக் கதவு. விருந்தாளிச் சிறுவன் ஒருவன் மேசைக்கு அடியில் எலும்பைப் போட்டு, "மணி, இந்தா" என்றான். மணி எலும்பின் மேல் குனிந்தான், உறைந்தான். சிறுவன் தடவப் போனான்.

மணி உறுமினான். அடிவயிற்றிலிருந்து, நீளமாக, அறையே கேட்கும்படி.

கடிக்கு எட்டு மாதம் முன் இதே சத்தத்துக்குத்தான் செய்தித்தாள் மடிக்கப்பட்டது. இந்த முறை மருமகள் "யாரும் அசையாதீங்க, தம்பி அப்படியே பின்னாடி வா" என்று சொல்லிவிட்டு, "விடு" என்றார். ஒரு விநாடி. பிறகு டப்பாவில் இருந்த மொத்தத்தையும் நடைப்பக்கம் சிதறினார். மணி எலும்பைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான், எலும்பை விட்டுவிட்டு நடைக்குப் போனான். தடுப்புக் கதவு சாத்தப்பட்டது. எலும்பை எடுத்தது பாட்டி.

உறவினர்களுக்கு அது நாய் கெட்டுப்போனதற்கு அடையாளமாகப் பட்டது. "உறுமறானே, ரெண்டு போடுங்க" என்றார்கள். பயிற்சியின் கணக்கில் அந்த மூன்று மாதத்தின் மிகப் பெரிய வரவு அதுதான். உடைந்த படி திரும்ப வந்துவிட்டது. அந்த உறுமல் சிறுவனின் கையை மீட்க நேரம் கொடுத்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு மூன்று நாள் எல்லாப் பயிற்சியையும் நிறுத்தி, பழைய நடை, பழைய மூலை, அமைதி என்று விட்டார்கள். பதற்றம் அடங்க நாளெடுக்கும். அதற்குள் அவசரப்பட்டால் அடுத்தது உறுமலில் நிற்காது. விருந்தாளி வரும் நாட்களில் மணிக்கு உள்ளறை, வெளியே தாழ், உள்ளே தயிர்சாதம் அடைத்து உறைய வைத்த ரப்பர் பொம்மை என்பது அன்றிலிருந்து வீட்டு விதி.

பன்னிரண்டாம் வார நிலை

தட்டின் ஓரம் மருமகள், மகன், பாட்டி மூவரும் வந்து துண்டு போடலாம். தளர்ந்த உடம்போடு நிமிர்கிறான். செருப்பு, சப்பாத்தி, தோல்துண்டு மூன்றையும் சொன்னதும் விடுகிறான். கேட்டில், தெரிந்தவர் வந்தால் பத்துக்குப் பத்து விரிப்பில் இருக்கிறான். தெருநாய் வாசலைக் கடந்தால் இன்னும் எழுந்துவிடுகிறான், அதனால் கயிறு தொடர்கிறது. வாய்மூடியோடு அரை மணி நேர நடை. வேலைக்கு வரும் அக்காவுக்காக அவர் வந்துபோகும் நேரம் மட்டும் உள்ளறை; அவர் பயிற்சியில் சேர விரும்பவில்லை, வற்புறுத்தவும் கூடாது.

எலும்பு இந்த நாய்க்கு வாழ்நாள் முழுக்க இல்லை. பேத்தி தனியாக அவனோடு இருப்பதும் இல்லை. காதை வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம், 8 அடியிலிருந்து தட்டுப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். அந்தத் தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டது பாட்டி; நறுக்கிய கோழி எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார், 80 கிராம்.